டெர்மினலில் கை வைப்பதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருங்குடி, தரமணி பக்கம் ஐடி வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் சீக்கிரமே டெர்மினலை, அதாவது கமாண்டுகளை (கட்டளைகளை) தட்டிக் கணினியை இயக்கும் ஜன்னலை, திறக்க வேண்டிவரும். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பெரும்பாலான சர்வர்களில் மவுஸால் சொடுக்க எதுவும் இருக்காது. அதனால் கமாண்ட் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதற்கு மவுஸ்தான் சரி. பொறுக்கிய நூற்றுக்கணக்கான படங்களின் அளவைக் குறைக்கவா? ஒரு வரி கமாண்ட் போதும், அடுத்த கல்யாணத்துக்கும் அதே வரி உதவும். பெல் ஆய்வகத்தின் டக் மக்இல்ராயின் யோசனையை ஏற்று, 1973-இல் அவருடைய சக ஊழியர் கென் தாம்சன், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் பைப் என்ற இணைப்பைச் சேர்த்த பிறகு, ஒரு கமாண்டின் விடையை நேராக அடுத்த கமாண்டுக்குக் கொடுக்கவும் முடிகிறது.

அதிகம் பேர் மாட்டுவது ஃபைலை அழிக்கும்போது. ஃபோல்டர் ஜன்னலில் டெலீட் அழுத்தினால் ஃபைல் குப்பைத்தொட்டிக்குப் போகும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். டெர்மினலில் ஃபைலை அழிக்கும் ஆர்எம் (rm) கமாண்டுக்கு அந்தத் தொட்டி கிடையாது. ‘பழைய’ என்று தொடங்கும் ஃபைல்களை அழிக்க, அந்தச் சொல்லை ஒட்டியே, ‘பின்னால் எது வந்தாலும் சரி’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறி (*) போட வேண்டும். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் போச்சு. ‘பழைய’ என்பது ஒரு ஃபைல், தனியாக நிற்கும் நட்சத்திரம் என்றால் அந்த ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரியும் எல்லாமே என்று ஷெல், அதாவது நாம் தட்டும் கமாண்டைப் படித்து இயக்கும் நிரல், எடுத்துக்கொள்ளும். பொதுவாக, அழிக்கட்டுமா என்று கேட்கவும் செய்யாது. எனவே முதலில் ஃபைல் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) போட்டு அதே குறியைக் கொடுங்கள். வரும் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். சரியாக இருந்தால் மேல் அம்பு விசையை அழுத்தி, எல்எஸ்ஸை மட்டும் ஆர்எம் ஆக மாற்றுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுவேன்.

இன்னொன்று: ஒரு ஃபைலின் வரிகளை சார்ட் (sort) கமாண்டால் வரிசைப்படுத்தி, விடையை அம்புக்குறி (>) வழியாக அதே ஃபைலுக்குத் திருப்புவது. சார்ட் ஓடத் தொடங்கும் முன்பே ஷெல் அந்த ஃபைலைக் காலி செய்துவிடும். வேறு பெயரில் சேமியுங்கள்.

இணையத்தில் கண்ட வரியை, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவோடு (sudo) சேர்த்து, புரியாமல் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

அப்புறம், தமிழில் பெயர் வைத்த ஃபைல். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் பிரிந்து தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பெயரை மாற்ற வேண்டாம், திரையில்தான் கோளாறு. முதல் எழுத்தைத் தட்டி டேப் (Tab) விசையை அழுத்துங்கள், அந்த எழுத்தில் வேறு ஃபைல் இல்லையென்றால் மீதிப் பெயரை ஷெல்லே நிரப்பிவிடும்.