கிரகணத்தன்று கடலுக்குப் போகிறீர்களா?

சூரிய கிரகணம் அமாவாசையில்தான் நிகழும். அந்த நாட்களில் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) பெருகியிருக்கும், நீரோட்டமும் வலுத்திருக்கும். நங்கூரக் கயிற்றைத் தாராளமாகவே விடுங்கள்.

மீன்பிடிக்கும்போது அணியும் போலரைஸ்டு கண்ணாடி நீரின் பளபளப்பைக் குறைக்குமே தவிர, சூரியனை நேரே பார்க்க உதவாது. பலரும் ஏமாறுவது இங்கேதான். ஐ.எஸ்.ஓ. 12312-2 தரத்திலான கிரகணக் கண்ணாடியை ஆளுக்கொன்று எடுத்துவையுங்கள். அதை அணிந்துகொண்டு பைனாகுலர் வழியே பார்ப்பதும் ஆபத்துதான். கிரகணக் கண்ணாடியைப் போட்டால் சூரியனைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சுக்கானைப் பிடித்திருப்பவர் கடலை மட்டுமே பார்க்கட்டும்.

முழு கிரகணம் நீள்வது அதிகபட்சம் ஏழரை நிமிடம். இருள்வதற்கு முன்பே படகின் விளக்குகளைப் போட்டுவிடுங்கள். வெளிச்சம் மங்கும்போது ஆழத்திலுள்ள மிதவை உயிரிகள் மேலெழுவது பதிவாகியிருக்கிறது. அவற்றைத் தின்னும் மீன்களும் பின்தொடரலாம். தூண்டிலைச் சற்று மேலே இழுத்துப் பாருங்கள். பகுதி கிரகணம் என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நானாக இருந்தால், முழு இருளின்போது தூண்டிலை மறந்துவிட்டு வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.