வரி குறைந்த வருஷத்தில் திருவிழா மேடைக்கு நிகழ்ச்சி பேசுவது எப்படி?

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் மாசி முடிந்தாலே ஊருக்கு ஊர் இதே பேச்சுதான்: இந்த வருஷம் மேடையில் என்ன வைப்பது? விழாக் கமிட்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். என்னைக் கேட்டால், விழாவுக்காக ஊரில் வசூலிக்கும் வரியின் நோட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை ஆரம்பியுங்கள் என்பேன்.

தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, 1,500 ரூபாய், 200 தலைக்கட்டு என்றால் நோட்டில் 3 லட்சம். கண்மாய் நிறையாத வருஷம் அது முழுசாக வந்து சேராது. அதனால் நெல் எப்படி விளைந்தது, திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேலை ஓடுகிறதா, சிங்கப்பூர், துபாயிலிருந்து யார் யார் ஊருக்கு வருகிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். ஒரு ராத்திரிச் செலவை உபயமாக ஏற்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி ஆட்கள்தான். ஆனாலும் பணம் கைக்கு வந்த பிறகுதான் வரவில் எழுத வேண்டும்.

நல்ல வருஷம் என்றால் கரகாட்டம், இன்னிசைக் கச்சேரி, நாடகம் என மூன்று ராத்திரியும் ஓட்டலாம். கை சுருங்கினால் முதலில் கச்சேரியை விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர், லைட், ஜெனரேட்டர் என்றே அதில் நிறையப் பணம் போய்விடும். நாடகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வள்ளி திருமணம் நாடகம் போட்டால் மழை பெய்யும் என்று நம்புகிற ஊர்கள் இவை. வானம் பொய்த்த வருஷம்தான் பெரியவர்கள் அதைக் கட்டாயம் கேட்பார்கள்.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒரு வசதி உண்டு. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), நாரதர், பபூன் (கோமாளி), டான்ஸ் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சம்பளம் பேசி அமர்த்தலாம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த பாட்டும் கதையும் எல்லாருக்கும் பாடம் என்பதால், வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒத்திகை இல்லாமலே மேடையில் சேர்ந்துவிடுவார்கள். ஆக, பேர்போன ராஜபார்ட்டுக்குக் கட்டுப்படியாகவில்லையா, வளர்ந்து வருகிற ஒருவரைப் பேசுங்கள். ஆர்மோனியக்காரர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை பின்பாட்டுப் பாடி, புதுக் குரலைத் தாங்கிப் பிடிப்பவர் அவர்தான். வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணும்போது ஒருவர் தடுமாறினால், பெட்டியில் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடியை எடுத்துக் கொடுத்துவிடுவார். கூட்டத்துக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நல்ல ஆர்மோனியம் இருந்தால் மற்ற இடத்தில் குறைத்தது வெளியே தெரியாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அப்புறம் தேதி. வைகாசிச் செவ்வாயில் பொங்கல் வைக்கும் ஊர்கள் எல்லாம் அதே ராத்திரியைக் கேட்கும், சம்பளமும் ஏறும். சாமி காரியத்தை மாற்ற முடியாது. நாடகத்தை ஒரு நாள் முன்னே பின்னே தள்ளலாம், பேச்சுக்கு இடம் கிடைக்கும்.

பேரம் எல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்போடு சரி. விடிந்த பிறகு "வசூல் சரியில்லை" என்று குறைப்பது பெரிய பாவம். இந்தத் திருவிழா சீசனின் சில மாதச் சம்பளத்தை வைத்துத்தான் நாடகக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையை ஓட்ட வேண்டும். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் சீசன் அடைபட்டபோது பட்ட கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பேசிய தொகையைக் கவரில் போட்டு, வேஷம் கலைப்பதற்குள் அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். வண்டிச் செலவு தனி.