தேனி வாழையும் தூத்துக்குடி இறாலும்: ரீஃபர் கண்டெய்னரில் கெடாமல் அனுப்புவது எப்படி

ரீஃபர் (குளிர்சாதன) கண்டெய்னரில் ஏற்றிவிட்டால் சரக்கு தானாகக் குளிர்ந்துகொள்ளும் என்று நம்பி ஏற்றுகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். அந்த இயந்திரம், ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே நிலையில் வைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டது. 30 டிகிரி சூட்டில் இருக்கும் வாழைக்காயை உள்ளே அடுக்கினால், பெட்டிகளின் நடுப்பகுதி 13 டிகிரிக்கு இறங்க நாள் கணக்கில் ஆகும். அதற்குள் காய் பழுக்கத் தொடங்கிவிடும். உறையாத இறாலை ஏற்றினால் அது ஒழுங்காக உறையவே உறையாது. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இதுதான்.

எடுத்துக்காட்டாக இரண்டு சரக்குகள்: தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் ஜி9 ரக வாழைக்காய் வளைகுடா நாடுகளுக்கு, தூத்துக்குடியின் உறைந்த இறால் எங்கு வேண்டுமானாலும். ஒன்று உயிரோடு மூச்சுவிடும் சரக்கு. மற்றது உயிரில்லாதது. கிட்டத்தட்ட எல்லா அமைப்பும் இரண்டுக்கும் நேர் எதிர்.

வாழை: தோட்டத்திலிருந்து குளிர் அறை வரை

தார் முக்கால் பாகம் விளைந்ததும் வெட்ட வேண்டும். முழுக்க முதிர்ந்த காய் கடலிலேயே பழுக்கும்; மிக இளங்காய் பழுத்தாலும் ருசி வராது. வெட்டிய தாரைத் தரையில் போடாதீர்கள். இன்று ஏற்படும் சிறு நசுக்கல் பத்து நாள் கழித்துக் கறுப்புத் தழும்பாகத் தெரியும். சீப்பாகப் பிரித்து, படிகாரம் கலந்த தண்ணீரில் பால் வடியும் வரை கழுவி, வெட்டிய காம்புப் பகுதியில், வாங்கும் நாடு அனுமதிக்கும் பூஞ்சாண மருந்து கொடுங்கள். காம்பு அழுகல் தொடங்குவது அந்த வெட்டுவாயில்தான்.

வளைகுடாவுக்குப் பெரும்பாலும் 13 கிலோ அளவிலான பெட்டிகள் போகின்றன. பேலட் (அடித்தட்டு) இல்லாமல் அடுக்கினால் 40 அடி ஹை க்யூப் (உயரம் கூடிய) ரீஃபரில் ஏறத்தாழ 1,500 பெட்டி, அதாவது சுமார் 20 டன் காய் பிடிக்கும். பெட்டி அட்டையில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். 90 சதவீத ஈரப்பதத்தில் அட்டை தளர்ந்துவிடும். அடிப் பெட்டி நசுங்கினால் காற்று போகும் துளைகளும் அடைந்துபோகும்.

பேக் செய்த உடனே ப்ரீகூலிங், அதாவது ஏற்றும் முன்பே குளிர வைத்தல். வெறும் குளிர் அறையில் குவித்து வைத்தால் நடுப்பெட்டி குளிர ஒன்றரை நாளுக்கு மேல் போகலாம். ஃபேன் வைத்துப் பெட்டித் துளைகளின் வழியே காற்றை இழுக்கும் முறையில் அது பாதிக்கும் குறைவான நேரத்தில் முடியும். அறையின் காற்று எத்தனை டிகிரி என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கூர்முனைத் தெர்மாமீட்டரைக் காயின் சதைக்குள் குத்திப் பாருங்கள், நடுப்பெட்டியிலும் 13.5 டிகிரி அளவுக்கு வந்த பிறகே ஏற்ற வேண்டும்.

அதற்குக் கீழேயும் போகக் கூடாது. 13 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் தோலுக்கடியில் உள்ள பால் நாளங்கள் பழுப்பாகும். பழுத்தாலும் மஞ்சள் தெளியாமல் சாம்பல் பூத்தது போல நிற்கும். குளிர்க் காயம் பட்ட சரக்கை எந்தப் பழுக்க வைக்கும் அறையாலும் மீட்க முடியாது.

புக்கிங்: ஒரு குறியில் மொத்தச் சரக்கும் போகும்

புக்கிங் தாளில் வெப்பநிலையை எண்ணாக மட்டும் எழுதாதீர்கள். "பிளஸ் 13.5 செல்சியஸ்", "மைனஸ் 20 செல்சியஸ்" என்று எழுத்திலும் போடுங்கள். மைனஸ் குறி விடுபட்டு இறால் கண்டெய்னர் பிளஸ்ஸில் ஓடுவது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து. அமெரிக்க வாங்குநர் "0 டிகிரி" என்றால் அது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் மைனஸ் 17.8. அதைச் செல்சியஸ் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் இறால் உருகித்தான் போய்ச் சேரும்.

அடுத்து வென்ட், அதாவது வெளிக் காற்று வந்துபோகும் திறப்பு. வாழை ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடையும் எத்திலீனையும் விடுகிறது. ஒரே ஒரு பழுத்த காயின் எத்திலீன் பக்கத்துப் பெட்டிகளையும் பழுக்கத் தூண்டும். அதனால் வென்ட் மணிக்கு 25 கன மீட்டர் அளவில் திறந்திருக்க வேண்டும். "25" என்று மட்டும் எழுதினால் யாராவது அதை 25 சதவீதம் என்று வைத்துவிடுவார்கள். அது வேறு அளவு. அலகையும் சேர்த்து எழுதுங்கள். தரை வடிகாலும் வாழைக்குத் திறப்பு. இறாலுக்கு வென்ட், வடிகால் இரண்டும் இறுக்கமாக மூடப்பட்டிருக்க வேண்டும்; ஈரக் காற்று உள்ளே வந்தால் குளிர்க்குழாயில் பனி படிந்து இயந்திரம் திணறும். ஆக்சிஜனைக் குறைத்து வைக்கும் சிஏ கண்டெய்னர் எடுத்தால் வென்ட் கணக்கே மாறும், அப்போது மூடியே இருக்கும்.

தூத்துக்குடியிலிருந்து புறப்படும் பல பெட்டிகள் கொழும்பில் கப்பல் மாறுகின்றன. அங்கே எத்தனை நாள் காத்திருக்கும் என்று ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்பும் முகவர்) கேட்டு, மொத்த நாளை வைத்துக் காயின் முதிர்ச்சியை முடிவு செய்யுங்கள். ஐரோப்பாவுக்கு என்றால் இன்னும் கவனம். 2023 இறுதியில் செங்கடல் சிக்கல் தொடங்கியபின் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதால் பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. வாழைக்கு அந்தப் பத்து நாள் உயிர்ப்பிரச்சினை.

ஏற்றுவது

காலி கண்டெய்னர் வந்ததும் பிடிஐ சோதனை (பயணத்துக்கு முன் இயந்திரத்தைச் சரிபார்ப்பது) முடிந்த தேதியைப் பாருங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா, முன்பு ஏற்றிய மீன், வெங்காய வாடை இருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் திருப்பி அனுப்புங்கள். அவசரத்தில் ஏற்றுக்கொண்டால் பிறகு வாதாட இடமில்லை.

குளிர் அறை வாசலோடு கண்டெய்னர் கதவு இடைவெளியின்றிப் பொருந்தாவிட்டால், கண்டெய்னரை முன்கூட்டியே குளிர வைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் கதவைத் திறந்ததும் ஈரக் காற்று உள்ளே பாய்ந்து சுவரிலும் பெட்டியிலும் வியர்க்கும். ஏற்றும்போது இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். ஓடினால் வெளிக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும்.

காற்றுப் பாதையைப் புரிந்துகொண்டால் அடுக்கும் முறை தானே புரியும். குளிர்ந்த காற்று தரையில் உள்ள அலுமினியத் தடங்களின் வழியே வந்து, மேலே ஏறி, கூரைக்கடியில் திரும்பி இயந்திரத்துக்குப் போகிறது. வாழையின் சூட்டை எடுக்க அந்தக் காற்று பெட்டிகளுக்குள்ளேயே போக வேண்டும். அதனால் பெட்டித் துளைகள் மேலும் கீழும் நேராக அமைய, மூலைக்கு மேல் மூலை வருமாறு அடுக்குங்கள். பெட்டிகளை மாற்றி மாற்றிப் பூட்டாக அடுக்கினால் துளையும் அடைபடும், மூலையின் பலமும் போகும். கதவோரம் தரை காலியாக இருந்தால் அந்த இடத்தைக் கனத்த அட்டையால் மூடுங்கள். மூடாவிட்டால் காற்று சுலபமான வழியில் மேலேறிவிடும், சரக்குக்குக் கிடைக்காது.

இறாலில் காற்று சரக்கைச் சுற்றிப் போனால் போதும். பெட்டிகளை இடைவெளியில்லாமல் ஒரே கட்டியாக அடுக்குங்கள். ஒரு பிளாக்கை (உறைந்த இறால் கட்டி) துளையிட்டு நடுவில் மைனஸ் 18 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்தபின் ஏற்றி, ஒரு மணி நேரத்துக்குள் கதவைச் சாத்தும்படி ஆட்களைத் தயார் செய்யுங்கள். எந்தச் சரக்கானாலும் சுவரில் உள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டி அடுக்காதீர்கள். திரும்பும் காற்றின் வழி அதுதான்.

வெப்பநிலையைப் பதிந்துகொண்டே வரும் டேட்டா லாகர் குறைந்தது இரண்டு: நடுவில் ஒன்று, கதவோரக் கடைசி வரிசையின் மேல்பெட்டியில் ஒன்று. அதிகம் சூடாவது கதவோரம். லாகர் எண்களையும் அவை வைத்த இடத்தையும் பேக்கிங் லிஸ்டில் எழுதுங்கள்.

தேனியிலிருந்து துறைமுகம் வரை ஜென்செட் (குளிர் இயந்திரத்துக்கு மின்சாரம் தரும் டீசல் ஜெனரேட்டர்) மாட்டிய டிரெய்லரில்தான் வர வேண்டும். டீசல் அளவை ஏற்றுமிடத்திலேயே பாருங்கள்.

காகிதங்கள்

வாழைக்கு அபெடா (வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையம்) பதிவு, தாவர நலச் சான்று. இறாலுக்கு எம்பெடா (கடல் பொருள் ஏற்றுமதி ஆணையம்) பதிவு, ஏற்றுமதி ஆய்வு முகமையின் சுகாதாரச் சான்று. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு, 2022 மே 1 முதல் நடப்பில் உள்ள வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் சுங்கச் சலுகை வேண்டுமானால் அதற்கான பிறப்பிடச் சான்று. கண்டெய்னரின் மொத்த எடையை உறுதி செய்யும் விஜிஎம் 2016 ஜூலை முதல் உலகெங்கும் கட்டாயம். அது இல்லாமல் பெட்டி கப்பலில் ஏறாது. மரப் பேலட் வைத்தால் வெப்பச் சிகிச்சை முத்திரை வேண்டும். பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) வெப்பநிலையும் வென்ட் அளவும் அச்சாகியிருக்கிறதா என்று டிராஃப்டிலேயே சரிபாருங்கள்.

காப்பீட்டில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. உறைந்த உணவுக்கான பாலிசிகளில், இயந்திரம் தொடர்ந்து 24 மணி நேரம் நின்றால்தான் இழப்பீடு என்ற வகை இருக்கிறது. தவறான செட் பாயிண்டால் (இயந்திரத்தில் வைத்த வெப்பநிலை அளவு) உருகினால் அந்தப் பாலிசி உதவாது. கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

போய்ச் சேர்ந்ததும்

சரக்கை இறக்குவதற்கு முன், கதவைத் திறந்த கையோடு இயந்திரத்தின் திரையையும் சீல் எண்ணையும் முதல் வரிசையையும் படம் எடுக்கும்படி வாங்குநரிடம் முன்பே சொல்லி வையுங்கள். திரும்பும் காற்றின் சூடு சிறிது நேரம் ஏறியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். டிஃப்ராஸ்ட், அதாவது குளிர்க்குழாயில் படிந்த பனியை உருக்கும் வேலை ஓடும்போது அது இயல்பு. கதவோரம், நடு, இயந்திரம் இருக்கும் தலைப்பகுதி மூன்றிலும் காயின் உள் வெப்பத்தை எடுக்கச் சொல்லுங்கள். இறால் பைக்குள் பனித்தூள் கட்டியிருந்தால் இடையில் வெப்பம் ஏறி இறங்கியிருக்கிறது.

கெட்டிருந்தால் கப்பல் கம்பெனிக்கு மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவித்து, கூட்டு ஆய்வு கேளுங்கள். கண்டெய்னர் தன் வெப்பநிலையைத் தானே பதிந்து வைத்திருக்கும். அந்தப் பதிவைத் தரும்படி அதே கடிதத்தில் கேட்க வேண்டும். உங்கள் லாகர் பதிவோடு அதை வைத்துப் பார்த்தால், சூடு ஏறியது கொழும்பிலா, கப்பலிலா, உங்கள் பேக்ஹவுஸ் வாசலிலா என்பது தேதி, மணியோடு தெரியும். ஆய்வு முடியும் வரை கெட்ட பெட்டிகளை வெளியே எறிய விடாதீர்கள்.