எண்ணூர் கழிமுகத்தில் தூண்டில் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் எண்ணூர் முகத்துவாரத்துக்குத் தூண்டிலோடு வருபவர்களில் பலர், மாலை ஐந்து மணிக்குள் வெறும் பையோடு கிளம்பிவிடுகிறார்கள். ஆறு கெட்டுவிட்டது, மீனே இல்லை என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். கொசஸ்தலையாறு கெட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதே கரையில், அதே நாளில், பக்கத்துக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள் குழம்புக்குப் போதுமான மீனோடு வீடு திரும்புவதையும் நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நமக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் போய் நிற்பது. கழிமுகத்து மீன் கடிகாரத்தைப் பார்த்து மேய்வதில்லை. நீரோட்டத்தைப் பார்த்து மேய்கிறது. கடல்நீர் உள்ளே ஏறும்போது சிறு இறாலும் நண்டுக் குஞ்சும் புழுவும் இடம்பெயர்கின்றன, அவற்றைத் தேடி மீனும் கரையோரம் வருகிறது. ஓதம் எனப்படும் இந்த ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு முறை வரும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சென்னைக் கரையில் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஏறி இறங்கும். அஷ்டமி வாக்கில் அது பாதியாகக் குறைந்துவிடும். ஓட்டம் நன்றாக இருக்கட்டும் என்று அமாவாசையைப் பார்த்து வருபவர்களும் ஏமாறுவது இங்கேதான். அந்த நாட்களில் உயர் ஓதம் காலை 8, 9 மணியளவில் முடிந்து, பிற்பகல் 2, 3 மணிக்கு நீர் நன்றாக வற்றிவிடும். அதாவது, சாப்பிட்டுவிட்டு வந்து தூண்டிலை வீசும் நேரமும், ஆற்றில் ஓட்டமே இல்லாமல் ஆழங்குறைந்த நீர் வெயிலில் சூடேறிக் கிடக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஒரு மாசி மாத அமாவாசையன்று நானும் என் அக்காள் மகனும் அப்படித்தான் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை நின்றோம். தக்கை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எங்களைக் கடந்து போன ஒரு பெரியவர், "தண்ணி நிக்குது தம்பி, மீனு எப்படி மேயும்? ஏறட்டும், அப்புறம் போடுங்க" என்றார். நாங்கள் சலித்துப்போய்த் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான், கரையோரம் மிதந்த ஒரு காய்ந்த இலை கடல் பக்கத்திலிருந்து ஆற்றுக்குள் மெல்ல நகரத் தொடங்கியது. அதன் பொருள் அன்று எங்களுக்குத் தெரியவில்லை. நீர் திரும்பிய நேரத்தில் கிளம்பிவிட்டோம். ஓத அட்டவணையைப் பார்க்கிறவர்களும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அதில் உள்ள நேரம் துறைமுகத்துக்கானது. முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தால் கழிக்குள் நீர் இன்னும் தாமதமாகவே திரும்பும். ஆகவே அட்டவணையைவிட மிதக்கும் இலையை நம்புவது நல்லது.

அடுத்த தவறு, கண்ணெதிரே துள்ளும் மீனுக்குப் பொருந்தாத இரையைப் போடுவது. இங்கே துள்ளுவது பெரும்பாலும் மடவை. அது பாசியையும் சேற்றின் மேல் படிந்த மக்கலையும் உறிஞ்சி வாழ்வது. இறால் துண்டை எவ்வளவு நேரம் காட்டினாலும் சீண்டாது. மடவைதான் வேண்டும் என்றால், மிகச் சிறிய தூண்டில் முள்ளில் கோதுமை மாவைப் பட்டாணி அளவுக்கு உருட்டி, ஈயக்குண்டு இல்லாமல் தக்கையில் தொங்கவிட வேண்டும். கிழங்கான் மீனுக்குப் புழுவும் சிறு இறாலும் ஏற்றவை. அதற்கும் வாய் சிறிது. கொடுவாய் மீனுக்கு உயிருள்ள இறாலோ சிறு மடவையோ வேண்டும், அதுவும் பாலத் தூண்களின் ஓரத்தில், பொழுது சாயும் நேரத்தில். ஐஸ் பெட்டியில் நாள்பட்ட இறால் குழைந்துபோய், வீசும்போதே முள்ளிலிருந்து கழன்று விழுந்துவிடும். பிறகு அரைமணி நேரம் வெறும் முள்ளைக் காவல் காக்க வேண்டியதுதான். பறி என்ற கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இந்தக் கழியில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் அன்று பிடித்த இறாலை விலை கொடுத்து வாங்குங்கள்.

கையில் ராடும் ரீலும் வந்தவுடன் ஆற்றின் நடுவுக்கு வீச வேண்டும் என்ற ஆசை வருகிறது. கிழங்கான் பல நேரங்களில் கரையிலிருந்து ஐந்தாறு மீட்டருக்குள்தான் மணலைக் கிளறிக்கொண்டிருக்கும். முழங்கால் வரை இறங்கி நின்று அதைக் கலைத்துவிட்டு, அதன் தலைக்கு மேலாகத் தூரத்தில் வீசுவதில் பயனில்லை. மேலும், தென்னமெரிக்கப் பகுதியிலிருந்து வந்து பரவிய காக்கா ஆழி என்ற மட்டி, இப்போது அடித்தரையின் பெரும் பகுதியைக் கம்பளம் போல மூடியிருக்கிறது. அதன் ஓட்டு விளிம்பு தூண்டில் நரம்பையும் அறுக்கும், காலையும் அறுக்கும். முள் இரண்டு முறை அறுந்த இடத்தில் மூன்றாவது முறை வீசாதீர்கள். அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டும் வராதீர்கள், அது பறவைகளின் காலிலும் மீனவர் வலையிலும் சிக்குகிறது.

மழைக்காலத்தில் பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டு வெள்ளம் வரும் நாட்களில் கழிமுகம் முழுதும் நன்னீராகிவிடும். கடல்மீனை அப்போது தேடுவது வீண். கெளுத்தி மாட்டினால் வெறுங்கையால் பிடிக்கக்கூடாது. முதுகிலும் இரு பக்கமும் உள்ள முட்களில் நஞ்சு உண்டு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி ஆற்றின் நிலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து இந்தக் கழி முழுவதும் படிந்ததை வடசென்னையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் சுடுநீரும் பல ஆண்டுகளாகத் தொடரும் துயரம். நீர்மேல் எண்ணெய்ப் படலம் மின்னினாலோ, மீனை முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை அடித்தாலோ, எத்தனை மீன் விழுந்திருந்தாலும் அன்று பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.