புத்தகத்தை வாயால் பார்த்து வாங்குங்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் கிழமைக்கு ஒருநாள் கதை வாசிக்கிறேன். முதல் நாள் கொண்டுபோன புத்தகம் பார்க்க அவ்வளவு வடிவு. இலையின் நரம்பு, எறும்பின் கால் எல்லாம் நுணுக்கமாக வரைந்திருந்தது. மூன்றாம் பக்கத்திலேயே பாயின் கடைசி வரிசை கலைந்துவிட்டது. பிள்ளைகளில் பிழையில்லை. தள்ளி இருந்தவர்களுக்கு அந்த எறும்பு வெறும் கறுப்புப் புள்ளி.

மடியில் ஒரு பிள்ளையை வைத்து வாசிக்கிற புத்தகம் வேறு, இருபது பேருக்குத் தூக்கிப் பிடிக்கிற புத்தகம் வேறு. கடையிலேயே நிமிர்த்தி வைத்துவிட்டு நாலு எட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கண்ணால் மட்டும் வாசித்துவிட்டு வாங்குவது. "அவ்வாறு கூறிய கரடி மிகுந்த மனவருத்தத்துடன் அங்கிருந்து புறப்பட்டுச் சென்றது." கண்ணுக்கு உறுத்தாது. சத்தமாகச் சொன்னால் மூச்சு வாங்கும். "கரடி போனது. திரும்பிப் பார்க்காமல் போனது." இதில் வாய் தானாக நடக்கிறது. மொழிபெயர்ப்புகளில் இந்தச் சிக்கல் அதிகம். தண்ணீரில் விழுந்தால் 'ஸ்பிளாஷ்' என்று போட்டிருப்பார்கள். 'தொபுக்கடீர்' எங்கே போனது? குடுகுடு, கடகட, மொறுமொறு என்று இரட்டைக்கிளவி கொட்டிக் கிடக்கிற மொழி இது.

இந்தியப் பதிப்பில் நாற்காலி, பப்பாளி என்று வந்தால் நான் கதிரை, பப்பாசி என்றே வாசிக்கிறேன். நின்று விளக்கம் சொல்லப்போனால் கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும். ஆனால் திரும்பத் திரும்ப வரும் வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். அது பிள்ளைகள் சேர்ந்து கத்துவதற்கான வரி.

அப்புறம், பக்கம் புரட்டும் இடம். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளை மடித்து வெட்டுகிற அச்சு முறையால் வந்த கணக்கு அது. அதற்குள் கதை சொல்கிறவர் ஒவ்வொரு புரட்டலுக்கும் முன்னால் ஏதாவதொன்றை ஒளித்து வைக்க வேண்டும். நல்ல புத்தகத்தில் அது தெரியும். வாசிக்கிறவர் அவசரப்பட்டால் போச்சு. சோளகம் அடிக்கிற மாதங்களில் மரத்தடியில் இருந்து வாசித்தால் காற்றே பக்கத்தைப் புரட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். நான் இப்போது உள்ளேதான் வாசிக்கிறேன்.

படத்தில் இருப்பதையே எழுத்தும் சொன்னால் பிள்ளைக்கு வேலை இல்லை. என்னிடம் உள்ள ஒன்றில், குளக்கட்டில் ஒரு கட்டை கிடக்கிறது என்று அம்மம்மா அதில் உட்காரப் போகிறார். கட்டைக்கு வால் இருப்பது படத்தில் மட்டும்தான். ஒருநாள் வாசிக்கும்போது பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டு, "அது முதலை, தெரியுதா?" என்றார். எனக்கு வந்த கோபம்! அடுத்த கிழமை அவர் இல்லை. முன்வரிசைச் சின்னன் எழும்பி நின்றே கத்தியது: "ரீச்சர், அம்மம்மாவை இருக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ!"

கடைசிப் பக்கத்தில் 'ஆகவே பிள்ளைகளே' என்று தொடங்கும் புத்தகத்தை நான் வாங்குவதில்லை. நன்கொடையாக வந்தால் அந்தப் பந்தியை விழுங்கிவிடுவேன்.

பழுதாகிவிடும் என்று புத்தகங்களைக் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைப்பதும் நடக்கிறது. வாசித்து முடிந்ததும் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் முதலைப் பக்கம் இரண்டு இடத்தில் கிழிந்து, செலோரேப்போடு இருக்கிறது. வால் மட்டும் தப்பிவிட்டது.