நனைந்த டயப்பரை நம்பாதீர்கள்: முதுகெலும்பு டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பின் நாயைப் பராமரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகெலும்பு டிஸ்க் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாய்களுக்கு இயன்முறைப் பயிற்சி அளிப்பது என் தொழில். சென்னையில் நான் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை டாஷ்ஹண்ட், பீகிள், ஷீட்ஸூ, காக்கர் ஸ்பேனியல் ஆகிய இனங்கள். பரம்பரைக் காரணத்தால் இவ்வினங்களில், முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கின் நடுவிலுள்ள கூழ்ப்பகுதி இளவயதிலேயே காய்ந்து, சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்பட்டு, ஒரு நாள் பிதுங்கி வெளியேறித் தண்டுவடத்தை நசுக்கிவிடுகிறது. மருத்துவர் எலும்பின் பக்கவாட்டில் ஒரு திறப்பை ஏற்படுத்தி, அந்தக் கெட்டிப் பொருளை அகற்றுகிறார். அதன் பிறகு வரும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வீட்டாரின் பொறுப்பில் கழிகின்றன.

சோபாவில் ஏறவிடக் கூடாது, மாடிப்படி கூடாது, தையல் பிரிக்கும் வரை கழுத்திலுள்ள கூம்பைக் கழற்றக் கூடாது என்பவை டிஸ்சார்ஜ் தாளிலேயே இருப்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. அந்தத் தாளில் ஒற்றை வரியாகச் சொல்லப்பட்டு, வீடு வீடாக ஒரே விதத்தில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயங்கள் சில உண்டு. புதிதாகப் பராமரிக்க வருவோர் அவற்றில் சறுக்குவதைத் தொடர்ந்து பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சிறுநீர் சொட்டுவதைச் சிறுநீர் கழிப்பதாக எண்ணுவது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இதைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது என்பதுதான்.

நாய்களில் டிஸ்க் பிதுங்கும் இடம் பெரும்பாலும் கடைசி விலா எலும்புகளை ஒட்டிய பகுதியாகும். அங்கே தண்டுவடம் நசுங்கும்போது பின்னங்கால்கள் செயலிழப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். சிறுநீர்ப்பைக்கு மூளையிலிருந்து வரும் கட்டளையும் நின்றுபோவது வெளியே தெரிவதில்லை. பை வழக்கம்போல் நிரம்புகிறது. அதன் வாயிலுள்ள சுருக்குத் தசையோ, தளரும்படி சொல்ல ஆளில்லாமல் இறுகியே கிடக்கிறது. உள்ளிருக்கும் அழுத்தம் அந்த இறுக்கத்தையும் மீறும்போது, அல்லது யாரேனும் நாயைத் தூக்கும்போது, கொஞ்சம் வெளியே சிந்துகிறது. நிரம்பிய குடம் வழிவதைப் பார்த்துக் குடம் காலியாகிறது என்று யாரும் சொல்வதில்லை. நாய் விஷயத்தில் மட்டும் அப்படித்தான் சொல்கிறோம்.

தாம்பரம் பக்கம், பணி ஓய்வு பெற்ற தம்பதியர் வளர்த்த ஒரு டாஷ்ஹண்டைப் பார்க்கச் சென்றிருந்தேன். எடை ஒன்பது கிலோ. கூண்டு, விரிப்பு, மருந்து அட்டவணை என எல்லாம் குறையில்லாமல் இருந்தன. டயப்பர் மாற்றிய நேரங்களை அந்த அம்மையார் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் “யூரின் போகிறதா?” என்று கேட்டிருக்கிறார்கள்; இவரும் “நாள் முழுக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, டாக்டர்” என்று பதில் சொல்லியிருக்கிறார். கேட்டவரும் பொய் கேட்கவில்லை, சொன்னவரும் பொய் சொல்லவில்லை. கால் பயிற்சிக்காக நாயைப் பக்கவாட்டில் கிடத்தி வயிற்றில் கை வைத்தபோது, சிறுநீர்ப்பை தொப்புள் வரை விறைத்து எழும்பியிருந்தது. அன்று மாலை மருத்துவமனையில் கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் மெல்லிய குழாய்) வழியாக இறக்கியபோது கால் லிட்டருக்கு மேல் வந்தது. கலங்கலாகவும் நாற்றத்துடனும் இருந்தது.

அதன் விளைவு ஒரு கிருமித் தொற்றோடு முடியவில்லை. அளவுக்கு மீறி நாள்கணக்கில் விரிந்த சிறுநீர்ப்பையின் தசை நார்கள் ஒன்றோடொன்று கொண்டிருந்த இணைப்பை இழந்துவிடுகின்றன; அதன் பிறகு நரம்பு குணமாகிக் கட்டளை வந்து சேர்ந்தாலும் சுருங்குவதற்குத் தசையால் இயலுவதில்லை. அந்த நாய் நடக்கத் தொடங்கிய பிறகும், இரவு பகலாக அதன் வயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றும் வேலை அந்த வயதான தம்பதியருக்கு நெடுங்காலம் தொடர்ந்தது. ஸ்கேன், யூரின் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று கண்டறியும் சிறுநீர்ப் பரிசோதனை), ஆன்டிபயாடிக் ஆகியவற்றுக்கு ஆன செலவு தனி. தொலைபேசியில் கேட்டிருக்க வேண்டியது, “அழுத்தி எடுத்த பிறகு பை காலியாக இருக்கிறதா?” என்பதைத்தான்.

டயப்பர் தரையைக் காப்பதற்கானது. அதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. அளவு தெரிய வேண்டுமானால் சமையலறைத் தராசு போதும். நாயின் உடலில் கிலோவுக்கு மணிக்குச் சுமார் 1 முதல் 2 மில்லி சிறுநீர் உற்பத்தியாகிறது. ஒன்பது கிலோ நாய்க்கு எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 70 முதல் 145 மில்லி சேர வேண்டும். நாய்க்கடியில் விரிக்கும் உறிஞ்சு விரிப்பை (அண்டர்பேட்) உலர்ந்திருக்கும்போதே எடைபோட்டுக் குறித்துக்கொண்டு, நனைந்தபின் மறுபடி எடைபோட்டால், கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட ஒரு மில்லிக்குச் சமம். எட்டு மணி நேரத்தில் இருபது முப்பது கிராம்தான் வந்திருக்கிறது என்றால் மீதி உள்ளேதான் இருக்கிறது. ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட நாய் அதிகம் குடித்து அதிகம் சிறுநீர் சேர்க்கும் என்பதால் அதன் கணக்கு இன்னும் கூடும்.

அழுத்தும் முறையை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன், உங்கள் கைமேல் மருத்துவரோ செவிலியரோ தம் கையை வைத்து ஒருமுறையேனும் செய்து காட்டும் வரை மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள். பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், வயிற்றின் இரு பக்கமும் விரல்களை மடக்காமல் தட்டையாக வைத்து, உருண்டையாகத் தென்படும் பையை இரு கைகளுக்கும் இடையில் கொண்டுவந்து, வால் இருக்கும் திசையை நோக்கி மெதுவாகவும் சீராகவும் அழுத்த வேண்டும். உடனே வராது, சுருக்குத் தசை விட்டுக்கொடுக்கும் வரை அதே அழுத்தத்தில் காத்திருக்க வேண்டும். தாரை நின்றபின் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். பை கல்லாக விறைத்திருந்தும் ஒரு சொட்டும் வரவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், பை கிழியும் அபாயம் உண்டு. கதீட்டர் போடுவதற்கு அன்றே அழைத்துச் செல்லுங்கள். சுருக்குத் தசையைத் தளர்த்தப் பிரசோசின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் தரக்கூடும். அவை இரத்த அழுத்தத்தையும் குறைப்பவை என்பதால் அளவை நாமாக மாற்றக் கூடாது.

நாய் தானாகவே வெளியே சென்று நின்று சிறுநீர் கழிக்கத் தொடங்கியதும் அழுத்துவதை நிறுத்திவிடுவது அடுத்த அவசரம். அது கழித்து முடித்த கையோடு, பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை ஸ்கேனில் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்துங்கள். உணர்வு மங்கியிருக்கும் நாய் தொற்று ஏற்பட்டாலும் முனகாது, அடிக்கடி போக முயலாது; நாற்றமும் கலங்கலும் இரத்தமும்தான் அறிகுறிகள். அவை தெரிந்தால் கல்ச்சருக்குக் கொடுங்கள். அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காதீர்கள்.

காலை இழுத்துக்கொண்டால் உணர்வு திரும்பிவிட்டது என்று நம்புவது

விரலைக் கிள்ளினால் கால் வெடுக்கென்று உள்ளே இழுக்கப்படுகிறது. வீட்டார் மகிழ்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கிள்ளிக் காட்டுகிறார்கள். காயத்துக்குக் கீழேயுள்ள தண்டுவடம், மூளைக்குத் தெரிவிக்காமலேயே இதைச் செய்யும். கிள்ளும்போது நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, கடிக்க வருகிறதா என்பதைக் கொண்டுதான் வலி உணர்வு இருப்பதாகச் சொல்ல முடியும். அதைச் சோதிப்பதும் மருத்துவரின் வேலை. ஏனெனில், ஆழ்ந்த வலி உணர்வு இருக்கும் நிலையில் அறுவை செய்யப்பட்ட நாய்களில் பத்தில் ஒன்பது மறுபடி நடக்கின்றன, அது போய்விட்ட நாய்களில் பாதியளவே நடக்கின்றன, எனவே அந்தச் சோதனையின் முடிவு பெரியது. வீட்டிலிருப்பவர் கவனிக்கத்தக்கது வால். மலத்துவாரத்தைத் துடைக்கும்போது வால் அசைவது அனிச்சைச் செயல். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வால் ஆடினால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நல்ல செய்தி.

நடந்துவிட்டது என்று கூண்டைத் திறந்துவிடுவது

மூன்றாவது வாரத்தில்தான் இது நடக்கிறது. நாய் தள்ளாடியபடி நாலடி எடுத்து வைக்கிறது. இனி அடைத்து வைப்பது பாவம் என்று பாட்டி தீர்ப்பளிக்கிறார். நரம்பு தேறும் வேகத்துக்கு வெட்டப்பட்ட தசையும் காயமுற்ற டிஸ்க்கும் ஆறுவதில்லை. கழுத்துப்பட்டையை விட்டு ஹார்னஸ் பூட்டி, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கியபடி, மருத்துவர் குறித்த நிமிடங்கள் மட்டும் நடத்திவிட்டுத் திரும்பக் கூண்டில் விடுங்கள். ஆண் நாயாக இருந்தால், துண்டு குறியை அழுத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தரை

கிரானைட்டும் டைல்ஸும் வேண்டாம். நடக்கும் வழி முழுவதும் ரப்பர் விரிப்பு போடுங்கள்.

முதுகில் எண்ணெய் தேய்த்து நீவுவது

கூடாது.

நமக்குக் கேட்கும் மாத்திரை அதற்கும் கேட்கும் என்று கொடுப்பது

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை. டைக்ளோஃபெனாக் கால்நடைகளுக்குத் தரப்படுவதை இந்தியா 2006-இலேயே தடுத்தது. அது பிணந்தின்னிக் கழுகுகளைக் காப்பதற்காக என்றாலும், நாய்க்கும் அந்த மருந்து ஆகாது. மருத்துவர் எழுதிய மருந்துகளிலும் ஓர் எச்சரிக்கை தேவை. முதல் மருத்துவமனையில் ஸ்டீராய்டு, அடுத்த மருத்துவமனையில் மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி என்று இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் குடலில் புண் ஏற்பட்டு ஓட்டை விழக்கூடும். எனவே எல்லாச் சீட்டுகளையும் ஒரே உறையில் வைத்து, எந்த மருத்துவரைப் பார்த்தாலும் காட்டுங்கள். நரம்பு வலிக்குத் தரப்படும் காபாபென்டின் மாத்திரை கிடைக்காமல், மனிதருக்கான திரவ மருந்தை வாங்க நேர்ந்தால், அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது நாய்க்கு நஞ்சு.

ஈரத்தையும் ஈயையும் அலட்சியம் செய்வது

நம் ஊர்ப் புழுக்கத்தில், சிறுநீரில் ஊறிய தோல் மிக விரைவாகப் புண்ணாகிறது. அதில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். வயிற்றின் அடிப்பகுதியிலும் தொடையிடுக்கிலும் உள்ள முடியைக் கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் துடைத்து, முழுவதும் உலர்த்துங்கள். எழ முடியாத நாயை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்துங்கள். குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாக ஆக்சைடு களிம்பைப் பூசாதீர்கள், நாய் அதை நக்கி விழுங்கிவிடும்.

எடை

தயிர்சாதத்தைக் குறையுங்கள், மேரி பிஸ்கட்டை நிறுத்துங்கள்.

முதல் வாரத்தில் காத்திருந்து பார்ப்பது

ஆழ்ந்த வலி உணர்வை இழந்திருந்த நாய்களில் சிலவற்றுக்கு, அறுவை முடிந்த பின்னரும் தண்டுவடம் மேல்நோக்கி அழுகிக்கொண்டே செல்லும். வயிறும் வாலும் துவண்டுபோவது, வலி முன்பக்கம் நகர்வது, நன்றாக இருந்த முன்னங்கால்கள் தளர்வது, மூச்சு மாறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியிலும் மறுகை பின்புறத்துக்கடியிலும் இருக்கட்டும். முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும்.