கூலியைக் குறித்துக்கொண்டு கதை படியுங்கள்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 28 வருடம் கணக்கு எழுதினேன். எத்தனை பாவு போனது, எத்தனை சேலை வந்தது, கூலி எவ்வளவு என்று பார்த்துப் பழகிய கண்ணோடுதான் நாவல்களையும் படிக்கிறேன். யதார்த்தவாதம், இயல்புவாதம், சோசலிச யதார்த்தவாதம், மாய யதார்த்தவாதம் என்று விமர்சனக் கட்டுரைகளில் வரும் பெயர்கள் நெடுநாள் என்னைக் குழப்பின. பேரேடு படிப்பதுபோலக் கதையைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அவற்றின் வேறுபாடு பிடிபட்டது. புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு அந்த வழியைச் சொல்கிறேன். ஒரு பென்சிலும் நாற்பது பக்க நோட்டும் போதும்.

முதல் வாசிப்பில் பணம் வரும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் 'கோரியோ கிழவர்' நாவலை எடுத்துக்கொள்வோம். பாரிஸ் விடுதி ஒன்றில் கோரியோ முதல் மாடியில் வருடம் 1,200 பிராங்க் கொடுத்துத் தங்குகிறார். பிறகு இரண்டாம் மாடிக்கு 900 பிராங்குக்குப் போகிறார். அதன்பின் மூன்றாம் மாடி, மாதம் 45 பிராங்க். அதாவது வருடத்துக்கு 540. மாடி ஏற ஏற மனிதர் இறங்குகிறார். மிச்சம் பிடித்த பணமெல்லாம் இரண்டு மகள்களிடம் போகிறது. இந்த மூன்று எண்களை நோட்டில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினால் அந்தத் தகப்பனின் கதை கண்முன் நின்றுவிடும். பாசத்தைக்கூட வாடகைக் கணக்கில் காட்ட முடியும் என்ற நம்பிக்கைதான் யதார்த்தவாதத்தின் அடிப்படை.

இரண்டாம் வாசிப்பில், கதை சொல்பவர் எங்கே வாயை மூடிக்கொள்கிறார் என்று பாருங்கள். இதற்கு இன்னொரு பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளாபேரின் 'ஓர் எளிய உள்ளம்' (1877) கதையைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. நார்மண்டியில் ஒரு சிற்றூர். ஃபெலிசித்தே என்ற வேலைக்காரி வருடம் நூறு பிராங்குக்குச் சமைக்கிறாள், தைக்கிறாள், துவைக்கிறாள், கோழிகளைக் கொழுக்க வைக்கிறாள், வெண்ணெய் கடைகிறாள். அடுத்த பத்தியிலேயே எஜமானியின் வருமானம் வருகிறது: மிஞ்சிப் போனால் ஐயாயிரம். ஐம்பதில் ஒரு பங்கு கூலி! ஃப்ளாபேர் இந்த வகுத்தலைச் செய்து காட்டுவதில்லை. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். வகுப்பது நம் வேலை.

அதே கதையில் இன்னோர் இடம். ஃபெலிசித்தே உயிராய் நேசித்த சகோதரி மகன் விக்தோர் அயல்நாட்டில் இறந்துபோன செய்தி வருகிறது. அவள் உட்கார்ந்திருக்கிறாள். சன்னலுக்கு வெளியே துணி சுமந்து போகும் பெண்கள் தெரிகிறார்கள். முந்திய நாள் தான் ஊறவைத்த துணியை இன்று அலசியாக வேண்டுமே என்ற நினைவு வருகிறது. எழுந்து போகிறாள். ஆற்றங்கரையில் அவள் துணி அடிக்கும் சத்தம் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கேட்கிறது. நான் இந்த இடத்தை ஏழெட்டு முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. அழுகையைப் பற்றி எழுதாமல் சலவையைப் பற்றி எழுதியதால் வந்த பலம் அது.

எந்தப் பயனும் இல்லாததுபோல் தோன்றும் பொருள்களையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அந்த வீட்டில் காற்றழுத்தமானி ஒன்று தொங்குகிறது. அதற்குக் கீழே பழைய பியானோ, அதன்மேல் பெட்டிகள் குவியலாக. அந்தக் காற்றழுத்தமானி எதற்கு என்று கேட்டுத்தான் பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த் 1968இல் ஒரு கட்டுரை எழுதினார்: 'இது நிஜம்' என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை என்றார். வருடக் கடைசியில் இருப்பு எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும். ஓடாத சுவர்க்கடிகாரம் ஒன்று பட்டியலில் வந்தால்தான் அந்தப் பட்டியலை நம்பத் தோன்றும்.

இனி வகைகள். நடந்த கேட்டை ஆசிரியர் யார் பேரில் பற்று எழுதுகிறார், அதாவது யாரைப் பொறுப்பாக்குகிறார் என்று கேளுங்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் ஸோலா 1884இல் வடக்குப் பிரான்சின் அன்ஸான் சுரங்கத்துக்குப் போய், கீழே இறங்கிப் பார்த்து, மறுவருடம் 'ஜெர்மினல்' நாவலை வெளியிட்டார். அதில் சுரங்கக் கம்பெனி, சுரங்கக் கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலைக்குத் தனிக் கூலி என்று சொல்லிவிட்டு, ஒரு வண்டி நிலக்கரிக்குத் தரும் 50 சென்டிமை (நூறு சென்டிம் ஒரு பிராங்க்) 40 ஆகக் குறைக்கிறது. சேலைக் கரைக்குத் தனிக் கூலி என்று சேர்த்துச் சேலைக் கூலியைக் குறைத்த முதலாளியை எனக்குத் தெரியும். ஆகவே அந்தப் பக்கங்களை எரிச்சலோடுதான் படித்தேன். இதுவரை யதார்த்தவாதம்தான். ஆனால் நாயகன் எத்தியென் குடித்தால் கொலைவெறி வருவதற்கு, பரம்பரையாக வந்த குடிப்பழக்கத்தின் நஞ்சைக் காரணம் காட்டுகிறார் ஸோலா. இரத்தத்தின் பேரிலும் சூழலின் பேரிலும் பற்று எழுதுவது ஐரோப்பிய இயல்புவாதம். தமிழ் விமர்சனத்தில் இந்தச் சொல் பெரும்பாலும், விளக்கம் சொல்லாமல் உள்ளதை உள்ளபடி அடுக்கும் எழுத்தைக் குறிக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

சோசலிச யதார்த்தவாதம் 1934இல் மாஸ்கோவில் நடந்த சோவியத் எழுத்தாளர் மாநாட்டில் அதிகாரபூர்வக் கொள்கையானது. இன்னும் வராத வரவையும் அது கணக்கில் சேர்க்கும். நாளைய வெற்றி இன்றைய பக்கத்திலேயே தெரிய வேண்டும். அதன் முன்மாதிரியாகக் கொண்டாடப்பட்ட கோர்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழில் தந்த தொ.மு.சி. ரகுநாதன்தான் நெசவாளர் வாழ்வை 'பஞ்சும் பசியும்' (1953) நாவலாக எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

மாய யதார்த்தவாதத்தில் அற்புதத்தைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள். கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' (1967) நாவலில் மழை நான்கு வருடம், பதினொரு மாதம், இரண்டு நாள் பெய்கிறது. அழகி ரெமேதியோஸ் படுக்கை விரிப்புகளோடு வானத்துக்குப் பறந்துபோகிறாள். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி, விரிப்புகளையாவது திருப்பித் தரும்படி கடவுளை வேண்டுகிறாள். வெறும் மாயக் கதையில் விரிப்புக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

தொடங்குவதற்கு ஃபெலிசித்தேயின் கதைதான் சரி. ஒரே மாலையில் முடித்துவிடலாம். நோட்டின் முதல் வரியில் நூறு பிராங்க் என்று எழுதுங்கள். அரை நூற்றாண்டு உழைத்தவளுக்கு எஜமானி கடைசியில் விட்டுப்போன தொகை எவ்வளவு என்பது கதையின் முடிவுக்குப் பக்கத்தில் வரும். அதை இரண்டாம் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.